நான்கு வாரம், ஆறு சுண்டெலி: விலங்கு ஆய்வு நெறிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவன விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், இந்த ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் மதிப்பீட்டுக் குழுவினருக்கும்,

மனித இரைப்பையில் அழற்சி, புண், புற்றுநோய் ஆகியவற்றுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவைப் பற்றிய விலங்கு ஆய்வுத் திட்டம் ஒன்றை அண்மையில் மாற்றங்களுடன் அனுமதித்தீர்கள். குழுவுக்கு 12 சுண்டெலி என்று கேட்டதை 6 ஆக்கினீர்கள். 24 வாரத்தை 4 வாரமாகச் சுருக்கினீர்கள். சுண்டெலிகளுக்கு முன்பே வேறு ஹெலிகோபாக்டர் தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் (டிஎன்ஏ-வைப் பெருக்கிக் கண்டறியும்) சோதனையையும் சிறிய முன்னோட்டத்தையும் தேவையற்ற செலவு என்று அடித்துவிட்டீர்கள். மங்கோலிய ஜெர்பில் என்ற சிறு கொறிவிலங்கை நாங்கள் கேட்ட பகுதிக்கு, விலங்கு இல்லத்தில் ஏற்கெனவே இருக்கும் விஸ்டார் என்ற ஆய்வக எலி வகையே போதும் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த அனுமதியை ஏற்க முடியாது. கேட்டது கிடைக்கவில்லையே என்ற மனக்குறையில் இதை எழுதவில்லை. நீங்கள் அனுமதித்த வடிவில் இந்த ஆய்வு நடந்தால், அதில் சாகும் ஒவ்வொரு விலங்கும் வீணாகவே சாகும்.

விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கையில் நமக்குள் வேறுபாடு இல்லை. 1959-ல் பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் ரஸ்ஸலும் பர்ச்சும் அதை வகுத்தபோது சொன்னது, அதே அளவு தகவலைக் குறைந்த விலங்குகளிலிருந்து பெறுவதைத்தான். தகவலே கிடைக்காத அளவுக்கு வெட்டுவதை அவர்கள் சொல்லவில்லை.

முதலில் காலத்தைப் பார்ப்போம். நான்கு வாரத்தில் விடை கிடைக்கும் கேள்விகளும் உண்டு. பாக்டீரியா குடியேறியதா, தடுப்பூசி அதன் எண்ணிக்கையைக் குறைத்ததா, ஒரு மருந்து தற்காலிகமாக அதை அடக்கியதா என்பவை அப்படிப்பட்டவை. இந்தத் திட்டத்தின் கேள்வி அதுவல்ல. அமிலம் சுரக்கும் செல்கள் அழிந்து சுரப்பிகள் தேய்வதையும், அந்த இடத்தில் வேறு வகைச் செல்கள் வளர்வதையும் பற்றியது. சி57பிளாக்/6 என்ற ஆய்வகச் சுண்டெலி வகையில் நான்காவது வாரத்தில் அழற்சிச் செல்கள் வந்து சேர்ந்திருக்கும். தேய்வும் உருமாற்றமும் உறுதியாகத் தெரிய மாதங்கள் ஆகும். நான்காவது வாரத்தில் வெட்டிப் பார்த்துவிட்டு "மருந்து கொடுத்த குழுவில் தேய்வு இல்லை" என்று எழுதினால், மருந்து கொடுக்காத குழுவிலும் தேய்வு இருக்காது. மருந்தால் பாக்டீரியா ஒழிந்ததா என்று பார்ப்பதற்கே கணக்கு வேறு. கடைசி வேளை மருந்துக்குப் பின் குறைந்தது 4 வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் பார்த்தால், அடங்கிக் கிடக்கும் பாக்டீரியாவையும் செத்துப்போனதாகவே எண்ணிவிடுவோம். அப்படியென்றால் 4 வார ஆய்வில் தொற்றுக்கு எத்தனை நாள், சிகிச்சைக்கு எத்தனை நாள், காத்திருக்க எத்தனை நாள்?

பாக்டீரியாவின் ரகத்தைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அனுமதிப் படிவமும் அதைக் கேட்பதில்லை. ஆனால் எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். நோயாளியிடமிருந்து எடுத்த பைலோரியை அப்படியே சுண்டெலிக்குக் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் கழிந்துபோகும். இந்தக் கிருமியைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் தொடக்கத்தில் பன்றிக்குட்டிகளில் முயன்று தோற்றபின்தான் 1984-ல் தானே அந்தக் கிருமியைக் குடித்தார். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த பன்றிக்குட்டிகளில் அது பிற்பாடுதான் கைகூடியது. சுண்டெலிக்கு நம்பகமான ரகம் 1997-ல் சிட்னியிலிருந்து வந்தது. அதுதான் எஸ்எஸ்1. அது நன்றாகக் குடியேறும், மாதக்கணக்கில் தங்கும். ஆனால் அதற்கொரு பெரிய குறை உண்டு. நோயைக் கடுமையாக்கும் காக்-ஏ என்ற பாக்டீரியாப் புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் ஊசிபோல் ஏற்றும் அமைப்பு அதில் செயல்படுவதில்லை. மரபணு இருக்கிறது, வேலை செய்வதில்லை. எனவே "காக்-ஏ உள்ள ரகம்" என்று திட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துத் திருப்தியடைய முடியாது. சுண்டெலிக்குள் போவதற்கு முந்தைய அதே மூல ரகமான பிஎம்எஸ்எஸ்1-ல் இந்த அமைப்பு வேலை செய்கிறது. ஆனால் சுண்டெலியில் வாரங்கள் செல்லச் செல்ல காக்-ஒய் என்ற மரபணு தன்னைத்தானே மாற்றிக்கொள்வதால் அதிலும் இந்தத் திறன் போய்விடலாம். ஆகவே ஆய்வின் முடிவில் இரைப்பையிலிருந்து மீட்ட காலனிகளை ஏஜிஎஸ் என்ற மனித இரைப்பைப் புற்றுச் செல்களோடு வளர்த்து, அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-8 தூண்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். திட்டத்தில் இது இருந்தது. செலவுக் குறைப்பில் போய்விட்டது.

உள்ளூர் நோயாளிகளின் ரகத்தைப் பயன்படுத்த விரும்பினால் அதற்கும் வழி உண்டு. சுண்டெலிக்குக் கொடுத்து, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மீட்டு, வளர்த்து, அடுத்த சுண்டெலிக்குக் கொடுத்துப் பல சுற்றுகள் பழக்க வேண்டும். முன்னோட்டம் கேட்டது இதற்காகத்தான். பழக்காத ரகத்தோடு நேரே பெரிய ஆய்வைத் தொடங்குவது, முளைக்குமா என்று பார்க்காத விதையை வயல் முழுக்கத் தெளிப்பது போன்றது.

தொற்று ஏற்றும் வேலை எங்கெல்லாம் சறுக்கும் என்பதை உங்கள் முன் வைக்கிறோம், ஏனென்றால் முன்னோட்டம் ஏன் தேவை என்பது அதில்தான் இருக்கிறது. பைலோரிக்கு 5 விழுக்காடு ஆக்ஸிஜன், 10 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு, மீதி நைட்ரஜன், 37 டிகிரி வெப்பம், நல்ல ஈரப்பதம் வேண்டும். மெழுகுவத்தி ஏற்றி மூடும் ஜாடியில் ஆக்ஸிஜன் போதிய அளவு குறையாது. ரத்த அகாரில் மூன்று முதல் ஐந்து நாள் வளர்த்து, புருசெல்லா திரவ ஊடகத்தில் 10 விழுக்காடு கன்று சீரம் சேர்த்து, மெல்லக் குலுக்கி 16 முதல் 24 மணி நேரம் வளர்ப்பார்கள். அந்த நேரம் கடந்தால் சுருள் வடிவம் போய், பாக்டீரியா உருண்டையாகிவிடும். உருண்டையானது எளிதில் தொற்றாது. ஒளி அடர்த்திமானியில் வைத்தால் மட்டும் அளவு அழகாகக் காட்டும், அந்தக் கருவிக்கு உயிருள்ளதும் செத்ததும் ஒன்றுதான். ஆகவே கொடுக்கும் முன் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து, சுருள் வடிவில் சுறுசுறுப்பாக நீந்துகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் பட்டினி போட்ட சுண்டெலிக்கு, வாய்வழியே இரைப்பைக்குள் இறக்கும் குண்டுமுனை ஊசியால் 0.1 முதல் 0.2 மி.லி. அளவில், 10 கோடி முதல் 100 கோடி பாக்டீரியா வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று முறை கொடுப்பது வழக்கம். பட்டினி போடும்போது கம்பித் தளக் கூண்டில் வைக்காவிட்டால் அவை உமியையும் தம் புழுக்கைகளையும் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும். ஊசியைத் தள்ளி ஏற்றக் கூடாது, சுண்டெலி தானே விழுங்க அது வழுக்கி இறங்க வேண்டும். தடை தெரிந்தால் வெளியே எடுத்துவிட வேண்டும். மூச்சுக்குழலில் போனாலோ உணவுக்குழாய் கிழிந்தாலோ அந்த விலங்கு அன்றோ மறுநாளோ இறந்துவிடும். கடைசிச் சுண்டெலிக்குக் கொடுத்து முடித்தபின், குழாயில் எஞ்சிய கரைசலை நீர்த்துத் தட்டில் பரப்பி எண்ண வேண்டும். முதல் சுண்டெலிக்கும் இருபதாவது சுண்டெலிக்கும் இடையே ஒரு மணி நேரம் வெளிக்காற்றில் நின்ற கரைசலில் எத்தனை பாக்டீரியா உயிரோடு இருந்தன என்பதை வேறு எதுவும் சொல்லாது. பல ஆய்வுகள் தோற்பது இந்த ஒரு மணி நேரத்தில்தான். ஆறு மாதம் கழித்து "மருந்து வேலை செய்தது" என்று அறிக்கையாவதும் அதே தோல்விதான், குடியேறாத பாக்டீரியாவை எந்த மருந்தும் எளிதாக ஒழித்துவிடுமே.

பிசிஆர் சோதனையை நீங்கள் நீக்கியதுதான் எங்களை மிகவும் கவலைப்பட வைக்கிறது. சுண்டெலிகளுக்கென்றே சொந்த ஹெலிகோபாக்டர் இனங்கள் உண்டு: ஹெபாட்டிகஸ், பிலிஸ், முரிடாரம், ரோடென்ஷியம், டைஃப்ளோனியஸ். அவை பெரும்பாலும் குடலிலும் ஈரலிலும் இருக்கும். சுண்டெலி புழுக்கை தின்னும் விலங்கு என்பதால் ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்கு எளிதில் பரவும். வெளியே பார்த்தால் விலங்கு நன்றாகவே இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், நீண்டகால நச்சு ஆய்வொன்றில் எதுவும் கொடுக்காமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த சுண்டெலிகளுக்கே ஈரல் கட்டிகள் வந்தன. காரணம் தேடியபோது கிடைத்ததுதான் ஹெலிகோபாக்டர் ஹெபாட்டிகஸ். பைலோரி ஆய்வில் இவை செய்யும் கெடுதல் இன்னும் நேரடியானது. முன்பே பிலிஸ் அல்லது முரிடாரம் இருக்கும் சி57பிளாக்/6 சுண்டெலியில் பைலோரி உண்டாக்கும் இரைப்பை நோய் தணிந்துவிடுகிறது. ஹெபாட்டிகஸ் இருந்தால் கூடுகிறது. ஒரு கூண்டில் இது, அடுத்த கூண்டில் அது என்றிருந்தால் நீங்கள் பார்ப்பது மருந்தின் விளைவா, கூண்டின் விளைவா?

இன்னொன்றும் உண்டு. ஹெபாட்டிகஸ், பிலிஸ், முரிடாரம் மூன்றும் யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் நொதி உள்ளவை. பைலோரி இருக்கிறதா என்று பார்க்க நாம் எல்லோரும் நம்பும் விரைவு யூரியேஸ் சோதனையில் இவையும் நிறம் மாற்றக்கூடும். ஒவ்வொரு கூண்டிலிருந்தும் சில புழுக்கைகளை எடுத்து, ஹெலிகோபாக்டர் பேரினத்துக்கான ஒரு பிசிஆர் ஓட்டினால் இத்தனை குழப்பமும் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். இருபத்து நான்கு வாரத் தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையல்ல.

விஸ்டார் எலியைப் பற்றி. பைலோரி விஸ்டாரில் நிலையாகக் குடியேறுவதில்லை. அமிலத்தாலோ வேறு வகையிலோ முன்பே ரணமாக்கிய இரைப்பையில் அது சில காலம் தங்குவதாக ஆய்வுகள் உண்டு. அது ரணம் ஆறுவதைப் பற்றிய ஆய்வு, தொற்றிலிருந்து புற்றுநோய் வரும் பாதையைப் பற்றியதல்ல. எத்தனால், இண்டோமெதசின், இரைப்பையின் கீழ்வாயைக் கட்டுதல் ஆகியவற்றால் எலிக்குப் புண் வரவழைத்து, அதை ஆற்றும் மூலிகைச் சாற்றுக்கு "பைலோரி எதிர்ப்பு" என்று தலைப்பிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்த எலியின் வயிற்றில் பைலோரியே இல்லை. இப்படிப்பட்ட திட்டங்கள் சிக்கலில்லாமல் அனுமதி பெறுவதும், தொற்றை முறையாக ஏற்றும் திட்டம் வெட்டப்படுவதும் நியாயமல்ல.

மங்கோலிய ஜெர்பிலை நாங்கள் கேட்டது புதுமைக்காக அல்ல. காக்-ஏ அமைப்பு முழுதாக வேலை செய்யும் ரகங்களுக்கு, மனிதரைப் போலவே அழற்சி, புண், செல் உருமாற்றம், புற்றுநோய் என்று படிப்படியாகச் செல்லும் சிறு விலங்கு அது. 1998-ல் ஜப்பானில் வெளியான ஆய்வில், வேறு எந்தப் புற்றுநோய் ஊக்கியும் சேர்க்காமல், பைலோரி மட்டும் கொடுத்த ஜெர்பில்களில் 62-வது வாரத்தில் 37 விழுக்காட்டுக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. 2005-ல் விவரிக்கப்பட்ட, ஜெர்பிலுக்குப் பழக்கிய 7.13 என்ற ரகம் சில வாரங்களிலேயே செல் பிறழ்வைக் கொண்டுவருகிறது. ரகத்தைச் சொல்லாமல் காலத்தைச் சுருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஜெர்பிலிலும் சிக்கல்கள் உண்டு, மறைக்கவில்லை. சுண்டெலிக்குக் கிடைப்பதுபோல் நோயெதிர்ப்பு ஆய்வுக்கான எதிர்ப்பொருள்கள் இதற்குக் கிடைப்பது குறைவு. வாலின் நுனியைப் பிடித்துத் தூக்கினால் தோல் உரிந்து கையோடு வரும். புதிய கை பட்டாலோ கூண்டு மாற்றினாலோ சிலவற்றுக்கு வலிப்பு வரும். ஆகவே முதல் ஊசிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் கையில் எடுத்துப் பழக்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான ஊதியத்தையும் நீங்கள் நீக்கியிருக்கிறீர்கள்.

எண்ணிக்கைக்கு வருகிறோம். குழுவுக்கு 6 என்பது உங்கள் குறிப்பில் எந்தக் கணக்கும் இல்லாமல் வந்திருக்கிறது. தொற்றுள்ள குழுவில் ஆறில் ஆறுக்கும் நோய், சிகிச்சை பெற்ற குழுவில் ஆறில் இரண்டுக்கு மட்டும் நோய் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குப் பெரிய வேறுபாடு. ஃபிஷரின் துல்லியச் சோதனை என்ற புள்ளியியல் கணக்கில் போட்டால் இருபக்க மதிப்பு 0.06, அதாவது வேறுபாட்டை ஏற்பதற்கான வழக்கமான 0.05 எல்லைக்குள் வரவில்லை. குழுவுக்கு 12 இருந்தால், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஒரு பக்கம், பன்னிரண்டில் ஏழு மறுபக்கம் என்ற சிறிய வேறுபாடே 0.04 தருகிறது. இதில் இன்னும் இழப்பைக் கணக்கிடவில்லை. ஊசி ஏற்றும்போது ஒன்று இறந்து, இன்னொன்றில் பாக்டீரியா குடியேறாமல் போனால் ஆறு நான்காகும். நான்கில் நான்கும், நான்கில் ஒன்றும் என்று வந்தால்கூட எதையும் நிறுவ முடியாது. ஜெர்பிலுக்கும் இதே கதிதான். 37 விழுக்காட்டுக்குப் புற்றுநோய் வரும் நிலையில் ஆறு ஜெர்பில் மட்டும் வைத்தால், ஒன்றுக்குக்கூடக் கட்டி வராமல் போக 16-ல் ஒரு வாய்ப்பு உண்டு. நான்கு குழுவுக்கு ஆறு வீதம் 24 சுண்டெலிகளைக் கொன்று, விடை தெளிவில்லை என்று அடுத்த ஆண்டு மீண்டும் 24-க்கு விண்ணப்பம் வரும். மொத்தம் 48. முதலிலேயே கேட்டதும் 48 தான்.

எண்ணிக்கையைக் குறைக்க உண்மையான வழிகள் உண்டு, அவற்றை நாங்களும் விரும்புகிறோம். மருந்து பாக்டீரியாவைக் கொல்கிறதா, இரைப்பைச் செல்லை நஞ்சாக்குகிறதா என்ற கேள்விகளை ஆய்வகத் தட்டிலும், ஏஜிஎஸ் செல்களிலும், மனித இரைப்பைத் திசுவிலிருந்து வளர்க்கும் ஆர்கனாய்டுகளிலும் கேட்டுவிடலாம். அதில் தோற்ற மருந்தை விலங்குக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. ஒரே விலங்கிலிருந்து அதிகம் பெறுவது இன்னொரு வழி. சுண்டெலியின் இரைப்பையில் மேல்பகுதியான முன்வயிறு சுரப்பிகள் இல்லாத பை. பைலோரி அங்கே தங்காது, லாக்டோபேசில்லஸ்தான் நிறைந்திருக்கும். அதை வெட்டி ஒதுக்காமல் அரைத்தால் தட்டு முழுக்க லாக்டோபேசில்லஸ் படர்ந்து, பைலோரி காலனி கண்ணுக்கே தெரியாது. மீதி இரைப்பையைப் பெரிய வளைவு வழியாகத் திறந்து, வழக்கமான சலைனில் (உப்புக் கரைசலில்) அலசி, உடற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒவ்வொன்றிலும் வரும்படி நெடுக்குவாட்டில் பட்டைகளாக வெட்ட வேண்டும். ஒரு பட்டை எடைபோட்டு அரைத்துக் காலனி எண்ண. நன்கு குடியேறிய எஸ்எஸ்1-ல் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் முதல் ஒரு கோடி வரை எதிர்பார்க்கலாம். இன்னொரு பட்டை டிஎன்ஏ-வுக்கு. மற்றொன்று ஃபார்மலினுக்கு. ஃபார்மலினில் போடும் பட்டையை வடிதாளில் தட்டையாக ஒட்டிப் போட வேண்டும். சுருண்டுவிட்டால் வெட்டு சாய்வாக விழுந்து, நல்ல சுரப்பிகூடத் தேய்ந்ததுபோல் தெரியும். மனித இரைப்பை அழற்சியை அளக்கும் சிட்னி முறைப்படி சுண்டெலிக்கு மதிப்பெண் போடுவதையும் நிறுத்த வேண்டும். கொறிவிலங்கின் இரைப்பைக்கென்று அழற்சி, தேய்வு, மிகைவளர்ச்சி, உருமாற்றம், பிறழ்வு ஆகியவற்றைத் தனித்தனியே 0 முதல் 4 வரை அளக்கும் முறை இருக்கிறது. எந்தக் குழு என்று தெரியாத நோயியல் மருத்துவர் அதைச் செய்ய வேண்டும்.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. சுண்டெலிப் பகுதிக்குக் குழுவுக்கு 12, காலம் 24 வாரம் என்ற மூல வடிவத்தை மீட்டுத் தாருங்கள். நிதியோ இடமோ போதாதென்றால் அந்தப் பகுதியை முழுவதுமாக நிராகரியுங்கள், பாதியாக அனுமதிக்காதீர்கள். புழுக்கைப் பிசிஆர் சோதனைக்கான தொகையைத் திரும்பச் சேருங்கள். அதன் முடிவு உங்கள் கைக்கு வரும்வரை ஒரு விலங்குக்கும் தொற்று ஏற்றக் கூடாது என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதுங்கள். முன்னோட்டத்துக்கு 4 சுண்டெலி மட்டும் தாருங்கள். நான்கு வாரத்தில் அவற்றுள் மூன்றிலாவது பாக்டீரியா மீளாவிட்டால் பெரிய ஆய்வு தானாகவே நிற்கட்டும், அந்த நிபந்தனைக்கு நாங்கள் கட்டுப்படுகிறோம். விஸ்டார் எலி பற்றிய குறிப்பைத் திரும்பப் பெறுங்கள். ஜெர்பிலை அனுமதித்தால் கையாளப் பயிற்சி பெற்ற ஒருவருக்கான ஊதியத்தோடு அனுமதியுங்கள்.

இனி உங்களிடம் வரும் எல்லாத் தொற்று ஆய்வுகளுக்கும் பாக்டீரியா ரகத்தின் பெயர், எத்தனை முறை மறுவளர்ப்பு செய்தது, கடைசி விலங்குக்குப் பின் எஞ்சிய கரைசலில் உயிருள்ள எண்ணிக்கை, ஒவ்வொரு விலங்கும் எந்தக் கூண்டு ஆகிய விவரங்களைக் கேட்கும் ஒரு பக்கத்தைப் படிவத்தோடு இணையுங்கள். எண்ணிக்கையை மாற்றும்போது அதற்கான கணக்கையும் குறிப்பில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு இந்தத் துறையில் வேலை செய்த, எங்களோடு தொடர்பில்லாத ஒருவரையும் புள்ளியியல் அறிந்த ஒருவரையும் அழையுங்கள். உங்கள் முடிவை 30 நாட்களுக்குள் எழுத்தில் தாருங்கள். அதுவரை, இப்போது கிடைத்திருக்கும் அனுமதியின்கீழ் ஒரு சுண்டெலியையும் வாங்க மாட்டோம்.

இப்படிக்கு,
இரைப்பைத் தொற்று ஆய்வில் பணியாற்றும் சிலர்